ஓடுகிற விசிறியைக் கெடுத்தவள்

அத்தியாயம் 14

"உங்க வீட்டுக்காரர் காலைல வந்து ஷூவைக் கேட்டார்" என்றார் வார்டன் அம்மா, தொலைபேசியில்.

வேறு எந்தக் குடும்பத்திலும் இது ஒரு செய்தியே அல்ல. ஆண்கள் ஷூவைக் கேட்பார்கள்; அது கட்டிலுக்கடியில் இருக்கும்; யாராவது எடுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு வார்த்தை திட்டுவார்கள். கண்ணாடிக்காரியோ தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கொடுத்துட்டீங்களா?"

"கேட்டா கொடுக்கணும்மா. நாங்க என்ன ஜெயிலா நடத்தறோம்?"

"துடைக்கணும்னு எதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சார்."

அது இன்னும் மோசம்.

முந்தைய அத்தியாயங்களைப் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தராததால் கதை தெரியாதவர்களுக்காக: மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கண்ணாடிக்காரியின் கணவர் இருபது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்டவர், சாயங்காலமானால் தான் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தார். குடியை விடுவதற்காக அறுபது நாள் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்திருக்கிறார். மூன்றாம் முறையாக.

முதல் முறை பத்தொன்பதாம் நாள் கிளம்பி வந்துவிட்டார். இரண்டாம் முறை இருபத்தாறாம் நாள். இரண்டு முறையும் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பத்து நாள் தங்கக் கம்பியாக இருந்தார். அதன் பிறகு தங்கம் சாராயத்தில் கரைந்து கம்பி மட்டும் மிஞ்சியது.

இன்று நாற்பத்தொன்றாம் நாள். இதுவரை எட்டாத உயரம்.

அந்த இல்லத்தில் கதவுக்குப் பூட்டு கிடையாது. சேருகிறவர்கள் ஷூவைக் கழற்றி அலுவலக அலமாரியில் வைத்துவிட்டு ரப்பர் செருப்புக்கு மாற வேண்டும். போக நினைக்கிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் வார்டன் அம்மாவின் பதினோரு வருட அனுபவத்தில், "நான் போறேன்" என்று எவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. முக்கால்வாசிப் பேர் முதலில் ஷூவைக் கேட்பார்கள். சும்மா பார்க்கணும் என்பார்கள். காற்றாட வைக்கணும் என்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தால் ஆள் இருக்காது.

கண்ணாடிக்காரி தொலைபேசியை வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசை மேலிருந்த மேசை விசிறியைப் பார்த்தாள். நேற்று மத்தியானம் வரை ஜோராக ஓடிக்கொண்டிருந்த விசிறி. அவள்தான் கெடுத்து வைத்திருந்தாள்.

அதற்கும் ஒரு கதை உண்டு.

இந்த முறை சேர்ந்த ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் பார்க்கப் போனபோது கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை. பேச்சு கொடுத்தாலும் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பார்த்து இல்லத்துச் சமையலறையில் ரொட்டி சுடும் மெஷின் புகைந்து நின்றது. "கொஞ்சம் தள்ளுங்க" என்று எழுந்தவர், அரை மணி நேரத்தில் அதை உயிர்ப்பித்துவிட்டு, அதில் சுட்ட ரொட்டியில் நாலைத் தின்றார். முகத்தில் வெளிச்சம் வந்தது. கண்ணாடிக்காரி அன்றே கண்டுபிடித்தாள்: இந்த மனிதருக்குக் கை சும்மா இருந்தால் கால் கிளம்பிவிடும்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பை. முதல் வாரம் வீட்டு இஸ்திரிப் பெட்டி. அடுத்த வாரம் மாடி வீட்டு ரேடியோ. அதற்கடுத்த வாரம் எதிர்வீட்டு அழைப்புமணி, முடி உலர்த்தும் மெஷின், இன்னார் வீட்டுது என்றே தெரியாத ஒரு டார்ச். மூன்று வாரத்தில் அந்தத் தெருவில் கெட்டுப்போன பொருள் ஒன்றுகூட இல்லை. நாகரிக வரலாற்றில் எந்தத் தெருவும் அடையாத நிலை அது. நான்காம் வாரம் வேறு வழியில்லாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கெடுத்து எடுத்துப் போனாள். இந்த வாரம் விசிறி.

வாசலில் ஹாரன் அடித்தது. அடித்தது ஹாரனேதான்.

அவளுடைய தம்பிக்கு 'ஹாரன்' என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவன் ஓட்டும் சரக்கு வேன் என்று சிலர் சொல்வார்கள். அவன் தொண்டையைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"அக்கா! ரெடியா? விசிறி ரெடியா?"

"ஊருக்கே சொல்லு. போஸ்டர் ஒட்டு."

"நான் மெதுவாத்தானே பேசறேன்?"

எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

வேனில் ஏறியதும் ஷூ விஷயத்தைச் சொன்னாள். ஹாரன் ஒரு முழுத் தெரு தூரம் பேசாமல் வண்டி ஓட்டினான். அவனைப் பொறுத்தவரை அது மௌன அஞ்சலி.

"சரிக்கா, அந்தக் கடுதாசி?"

கடுதாசி அவள் கைப்பையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மூன்று நாளாக மடங்கிக் கிடந்தது. வியாழக்கிழமை கணவரின் ஃபோர்மேன் அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு வந்தார். காது வலிக்கிறது, கண்ணாடிக் கொம்பைச் சரி பண்ணுங்கள் என்றார். சரி பண்ணிக் கொடுத்ததும் அந்தக் கடிதத்தை நீட்டினார். புதிதாக எழும்பும் பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு இரண்டு லிஃப்ட். தலைமை மெக்கானிக் பொறுப்பு. திங்கட்கிழமை காலை வந்து நின்றால் அது அவருக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள். பன்னிரண்டு வருடமாகக் கணவர் ஏங்கிய பொறுப்பு. திங்கட்கிழமை என்றால் நாளை.

"காட்டினா இன்னைக்கே கிளம்பிடுவார்" என்றாள்.

"காட்டலன்னா?"

"காட்டாமலே ஷூவைக் கேட்டுட்டார்."

"அப்ப காட்டாம விடு. திங்கட்கிழமை தானா போயிடும். தெரிஞ்சாத்தானே?"

"தெரியாமப் போகுமா? ஃபோர்மேனுக்கு வாய் இல்லையா? அப்புறம் என் மூஞ்சில முழிப்பாரா?"

"அப்ப காட்டிடு."

"நீ எந்தப் பக்கம்டா?"

"நான் ஓட்டற பக்கம்க்கா" என்று ஹாரன் வளைவில் திரும்பினான்.

பார்வையாளர் அறையில் நான்கு மேசைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாற்காலிகள். லிஃப்ட்காரர் ஜன்னலோர மேசையில் காத்திருந்தார். முகச்சவரம் செய்து, தலை வாரி, சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கை நடுங்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது.

கண்ணாடிக்காரி முதலில் காலைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு.

"ஷூ எங்க?"

"வந்ததும் வராததுமா ஷூவைக் கேக்கறியே. நான் நல்லா இருக்கேனான்னு கேட்க மாட்டியா?"

"நல்லாத்தான் இருக்கீங்க. அதுதான் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் உண்மை அதுதான். அவள் கடைக்கு வருகிறவர்களில் ஒரு வகை உண்டு. ஓட்டுநர் உரிமத்துக்காகக் கண் பரிசோதனைக்கு வருவார்கள். உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்தில் எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துவிட்டு, கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டுகூட ஒப்பிப்பார்கள். அவள் பலகையை மாற்றி மாட்டுவாள், சாயம் வெளுத்துவிடும். முதல் இரண்டு முறையும் கணவர் இந்த இல்லத்து ஆலோசகரிடம் அப்படித்தான் ஒப்பித்தார். ஆசை வருதா? வரல. கோபம்? இல்ல. தூக்கம்? பிரமாதம். கேட்டவர் மகிழ்ந்தார், சொன்னவர் கிளம்பினார்.

"சரி, இந்த வாரம் என்ன நோயாளி?" என்று லிஃப்ட்காரர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

ஹாரன் விசிறியை மேசை மேல் வைத்தான். "திடீர்னு நின்னுடுச்சு மாமா! நாங்க தொடவே இல்ல!"

தொட்டீர்களா என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

லிஃப்ட்காரர் பின்புறத்தைத் திருப்பினார். திருகில் திருப்புளியை வைத்தார். அசையவில்லை. குனிந்தார். நகத்தால் சுரண்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் விசிறியைச் சாய்த்துப் பிடித்து, திருகின் தலையை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒவ்வொன்றாக நான்கையும் பார்த்தார். வைத்தியர் நாடி பார்க்கும் நேரம் எடுத்துக்கொண்டார்.

"இதை யார் கழட்டினது?"

"யாரும் கழட்டல" என்றாள் கண்ணாடிக்காரி.

"எலி மாமா" என்றான் ஹாரன்.

லிஃப்ட்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எலி."

"ஆமா மாமா. ஒயரைக் கடிச்சிருக்கும்."

"திருகைக் கழட்டி, உள்ள போய், ஒயரைக் கடிச்சு, திரும்ப நாலு திருகையும் மாட்டிட்டுப் போயிருக்கா?"

"பொறுப்பான எலி மாமா."

"திருகு தளரக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டுப் பசை வேற வச்சிருக்கே மாப்ள. மூக்குக்கண்ணாடித் திருகுக்கு வைக்கிற பசை. அப்புறம் இந்தக் கீறலைப் பாரு, தலைமுடி மாதிரி. எந்தத் திருப்புளி இவ்வளவு சின்னது? கண்ணாடிக் கடைத் திருப்புளி. உங்க எலி எந்தக் கடைல வேலை பார்க்குது?"

கண்ணாடிக்காரிக்குக் காது வரை சூடேறியது. கெடுப்பதற்காகத்தான் திறந்தாள். ஆனால் திறந்ததை மூடும்போது கை தன் பாட்டுக்குத் தொழில்படி மூடியிருக்கிறது. பசை வைத்தது அவளுக்கு ஞாபகம்கூட இல்லை. ஊரில் ஒரு பொருளைக் கெடுத்துவிட்டு அதன் திருகுகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"போன வாரக் கடிகாரத்துலயும் இதே பசைதான்" என்றார் கணவர்.

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா இந்த வாரம் எதுவும் கொண்டு வர மாட்டியே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்த இடத்தில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் முகம் இருந்தது.

"இங்க பாரு" என்றார். "அந்த இஸ்திரிப் பெட்டிக்கு நான் எத்தனை நாள் எடுத்துக்கிட்டேன்?"

"ஆறு நாள்."

"இஸ்திரிப் பெட்டிக்கு ஆறு நாளா? எந்த மெக்கானிக்காவது எடுப்பானா? பத்து நிமிஷ வேலை. ஒரு நாளைக்கு ஒரு திருகு கழட்டுவேன். மறுநாள் அதை மாட்டுவேன். அந்த ரேடியோ முதல் நாளே பாடிடுச்சு. வாயைப் பொத்தி வச்சிருந்தேன்."

ஹாரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்களும் திருட்டு வேலைதானா?" என்றாள் அவள்.

"உன்கூட இருபது வருஷம் இருந்தா வேற எப்படி இருப்பேன்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே கதவு வழியாக முட்டிக்கொண்டு வந்தன. சிரிப்பு முந்திக்கொண்டது.

"அப்ப முதல் தடவை ஏன் கிளம்பி வந்தீங்க? குடிக்கணும் போல இருந்துச்சா?"

லிஃப்ட்காரர் விசிறியின் இறக்கையை ஒரு விரலால் சுற்றிவிட்டார். அது சுற்றி நிற்கும் வரை பார்த்தார்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. குடிக்கறதுக்காக ஓடிட்டான்னு. இல்லம்மா. நல்லாயிட்டேன்னு வந்தேன். பத்தொன்பதாம் நாள் காலைல எழுந்தேன். பசிச்சது. கை நடுங்கல. வருஷக்கணக்கா அப்படி எழுந்ததே இல்ல. சரி, மெஷின் ஓடுது, இனிமே மெக்கானிக்குக்கு இங்க என்ன வேலைன்னு கிளம்பிட்டேன். எங்க தொழில்ல ஓடுற மெஷின் பக்கத்துல நின்னா திட்டுவாங்க. ரப்பர் செருப்போட வீடு வரைக்கும் நடந்தே வந்தேன் பாரு, அன்னைக்கு மாதிரி சந்தோஷமா நான் நடந்ததே கிடையாது."

"ரெண்டாவது தடவையும் அதேதானா?"

"அதேதான். ஏழு நாள் லேட்டா."

"இப்ப?"

"இப்ப..." என்று இழுத்தார். "ஒரு லிஃப்ட்டைச் சரி பண்ணினா உடனே ஜனங்களை ஏத்த மாட்டோம். தெரியுமில்ல?"

"இரும்புக் கட்டியை அடுக்கி ஓட்டிப் பார்ப்பீங்க."

"ஏன்? காலி லிஃப்ட் எப்பவும் அழகா போகும். கெட்ட லிஃப்ட்கூடக் காலியா இருந்தா ரதம் மாதிரி போகும். பாரத்தை ஏத்தினாத்தான் கயிறு பேசும். இங்க எனக்கு என்ன பாரம்? ஃபோர்மேன் இல்ல. சாயங்காலமானா தோள்ல கை போட்டுக் கூப்பிடற கூட்டாளி இல்ல. மணி அடிச்சா சாப்பாடு, மணி அடிச்சா தூக்கம். நான் காலி லிஃப்ட்டும்மா. அழகாத்தான் போறேன். அதை நம்பி ரெண்டு தடவை ஜனங்களை ஏத்திட்டேன். உன்னையும்தான் ஏத்தினேன்."

கண்ணாடிக்காரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். இது ஒப்பிப்பா என்று பார்த்தாள். இருபது வருடப் பழக்கத்தில் எல்லாப் பலகைகளையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தாள். ஒப்பிப்பு இல்லை. தெரிந்ததைத் தெரிகிறது என்றும், தெரியாததை மங்கலாக இருக்கிறது என்றும் சொல்கிற ஆளின் குரல் அது.

அவள் கைப்பையைத் திறந்தாள். ஹாரன் அவள் காலை மிதித்தான். அவள் அதைவிட ஓங்கி மிதித்துவிட்டு, கண்ணாடிக் கூட்டிலிருந்து கடிதத்தை எடுத்து விசிறிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க பாரம்" என்றாள்.

லிஃப்ட்காரர் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். 'தலைமை மெக்கானிக்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றதை அவள் பார்த்தாள்.

"எப்ப வந்தது?"

"வியாழக்கிழமை."

"மூணு நாளா வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன். கொடுத்தா போயிடுவீங்கன்னு வச்சிருந்தேன். கொடுக்காம இருக்கவும் முடியல. திட்டணும்னா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்க் கட்டடத்தில் யாரோ ஒருவர் படியேறிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று. அவர் நான்காம் மாடியைத் தொடும் வரை லிஃப்ட்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு மாடி" என்றார் கடைசியில். அவ்வளவுதான்.

மணி அடித்தது. பார்வையாளர் நேரம் முடிந்தது. வார்டன் அம்மா வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். ஹாரன் தவிர மற்ற எல்லோருக்கும் அது கேட்டது.

லிஃப்ட்காரர் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். துணிப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"கடிகாரம். சரியா ஓடுது. வீட்டுல போய்ப் பிரி."

"விசிறி?"

"அது இருக்கட்டும். எலி கடிச்சிருக்கு, நாளாகும்."

அவர் சொன்னது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

வேன் இல்லத்தின் வாசலைத் தாண்டியதும் கண்ணாடிக்காரி பையைப் பிரித்தாள். 'வீட்டுல போய்ப் பிரி' என்று சொல்லப்பட்ட பையை வீடு வரை பிரிக்காமல் வைத்திருந்தவர்கள் எந்தக் குடும்பத்திலும் இல்லை.

மேலே கடிகாரம். அதற்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றி, ஒரு ஜோடி ஷூ.

"அக்கா! ஷூ! மாமாவோட ஷூ!"

"எனக்குக் கண் தெரியும்டா. ரோட்டைப் பார்."

வலது ஷூவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பென்சிலில், வேலைச் சீட்டில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில்: அடி பிரிந்திருக்கிறது. தைக்கக் கொடு. அவசரமில்லை. பத்தொன்பது நாள் இருக்கிறது.

அறுபதில் நாற்பத்தொன்று போனால் பத்தொன்பது. முதல் முறை அவர் தாக்குப்பிடித்த அதே பத்தொன்பது. அவள் சீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். காலையில் ஷூவைக் கேட்டது கிளம்புவதற்கு அல்ல, வீட்டுக்கு அனுப்புவதற்கு. வார்டன் அம்மாவிடம் சிரித்தது இதற்குத்தான்.

"அப்ப நிம்மதிதானேக்கா?"

"இதை எழுதினது காலைல. கடுதாசியைப் படிச்சது அதுக்கப்புறம்."

"ஷூ இல்லாம எப்படிப் போவார்?"

"முதல் தடவை எதைப் போட்டுக்கிட்டு வந்தார்?"

ஹாரனுக்கு ரப்பர் செருப்பு ஞாபகம் வந்தது. ஆனாலும் மடியில் ஷூ கனத்தது அவளுக்குப் பிடித்திருந்தது. இருபது வருடத்தில் அவர் தந்த பரிசுகளில் இவ்வளவு கேவலமாக நாறிய பரிசும் இல்லை, இவ்வளவு நல்ல பரிசும் இல்லை.

தொலைபேசி ஒலித்தது. வார்டன் அம்மா.

"உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல வந்து நிக்கறார்."

கண்ணாடிக்காரி ஷூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பதிவேட்டைக் கேக்கறாரா?"

"இல்ல. போனைக் கேக்கறார். அவரோட ஃபோர்மேன்கிட்டப் பேசணுமாம். வீட்டுல ஒருத்தர் சரின்னு சொன்னா தரலாம், அதான் விதி. என்ன சொல்றீங்க?"

ஹாரன் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். "வேணாம்னு சொல்லுக்கா" என்று ரகசியமாகச் சொன்னான். மறுமுனையில் வார்டன் அம்மாவுக்கும் அது கேட்டது.

"என்ன பேசப் போறேன்னு சொன்னாராம்மா?"

"சொல்லல."

"சிரிச்சாரா?"

வார்டன் அம்மா யோசித்தார். "இல்ல. இந்தத் தடவை சிரிக்கல."

கண்ணாடிக்காரி பிரிந்திருந்த ஷூவின் அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கைப்பையில் பசை இருந்தது. ஒரு சொட்டு வைத்தால் இன்றைக்கே ஒட்டிவிடும். எடுக்கவில்லை.

"கொடுங்க. பேசட்டும்" என்றாள்.

தொலைபேசியைப் பையில் போட்டாள். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஹாரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எங்கக்கா போறது? திரும்பி இல்லத்துக்கா, வீட்டுக்கா?"

"ஷூ தைக்கிற கடைக்கு."

"ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?"

"மூடியிருந்தா நாளைக்கு வரலாம்" என்றாள். "அவசரமில்ல."